திருத்துறைப்பூண்டி வாசனார்

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டா என்பது நம் நாட்டு முதுமொழி. மலரின் மணமே அதன் இருப்பிடத்தை அறிவித்துவிடும் என்பது அதன் கருத்து. ஆயினும், கடைக்கு வரும் பொருள்கள் யாவும் பூவைப்போல மணம் வீசுவன அல்ல. ஓர் ஊரில் அச்சான நல்ல நூலைப் பற்றி அடுத்த ஊரார் அறிய வேண்டுமாயின், அதனை யாரேனும் எடுத்துரைத்தல் வேண்டும். எடுத்துரைக்கும் அவ்வினையே விளம்பரம் எனப்படும். அதனை ஒரு கலையாகப் பயின்று, பிற நாட்டார் கண்ட வழிகளையும் இரவல் பெற்று, தமிழ் மண்ணுக்கேற்பப் பயிரிட்டு வளர்த்த பெரியார் ஒருவர் சோழவள நாட்டிலே பிறந்தார். ஆனந்த விகடன் இதழாலும் ஜெமினி படப்பிடிப்பு நிலையத்தாலும் புகழ்பெற்ற எஸ். எஸ். வாசன் என்பார் அவரே ஆவார்.

பிறப்பும் இளமையும்

காவிரியின் கிளைகள் பலவாய்ப் பிரிந்து கடலை நோக்கிச் செல்லும் கடைமடைப் பகுதியிலே அமைந்த ஊர் திருத்துறைப்பூண்டி. முன்னாளில் தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. பிறவி மருந்தீசர் கோயில் கொண்ட பழம்பதி இது. நாற்புறமும் நெல்வயல்களே காணப்படும். இவ்வூரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எளிய குடும்பம் ஒன்றில் வாசன் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் சீனிவாசன் என்பது. தந்தையார் பெயர் சுப்பிரமணியம். அவ்விரு பெயர்களும் சுருங்கியே எஸ். எஸ். வாசன் என வழங்கலாயின.

வாசன் மிக்க இளம்பருவத்திலேயே தந்தையை இழந்தார். கைம்பெண்ணான அன்னையார், மகனை எவ்வாறேனும் படிக்க வைத்தல் வேண்டும் என்னும் உறுதியோடு சென்னைக்கு அழைத்துச் சென்றார். துணையற்ற தாயும் சிறுவனும் பெருநகரில் வாழ்க்கை நடத்துதல் எளிதன்று. வறுமை அவர்களை நெருக்கியது. வாசன் பள்ளிப்படிப்பை முடித்துக் கல்லூரியிலும் சேர்ந்தார். ஆயினும், பட்டம் பெறும் வரை அங்கே இருக்க இயலவில்லை. பொருளீட்ட வேண்டிய கடமை அவரை இளமையிலேயே வாணிக உலகிற்கு அழைத்தது.

வாணிகத்தில் முதற்படி

முதலீடு இல்லாதவன் என்ன வாணிகம் செய்ய இயலும்? வாசன் ஆராய்ந்து பார்த்தார். பத்திரிகைகளுக்கு விளம்பரங்கள் வேண்டும். வணிகர்களுக்கோ தம் பொருளைப் பற்றி எடுத்துரைக்க ஆள் வேண்டும். இருவரையும் இணைத்துவைக்கும் முகவர் தொழிலுக்குப் பொருள் வேண்டுவதில்லை. நாவன்மையும் கால்நடையும் சுறுசுறுப்புமே போதும். இத்தொழிலை மேற்கொண்ட வாசன் கடைதோறும் சென்று விளம்பரங்கள் திரட்டினார். எந்தச் சொல் வாங்குவோரை ஈர்க்கும், எது ஈர்க்காது என்பதை அவர் ஏட்டில் படித்தறியாமல் பட்டறிவால் அறிந்தார்.

அதனோடு தபால் வழி வாணிகமும் தொடங்கினார். இம்முறை அவர் கண்டுபிடித்ததன்று. அமெரிக்க நாட்டில் மாண்ட்கோமரி வார்டு என்பார் 1872-ஆம் ஆண்டிலேயே பொருட்பட்டியல் ஒன்றை அச்சிட்டு, உழவர்களின் வீடு தேடிப் பொருள்களை அனுப்பும் வாணிகத்தைத் தொடங்கியிருந்தார். நம் நாட்டில் இத்தகைய வாணிகத்திற்குத் துணை நின்றது, 1877-ஆம் ஆண்டில் அஞ்சல் துறையினர் ஏற்படுத்திய வி. பி. பி. முறையாகும். வாங்குவோர் முன்பணம் அனுப்ப வேண்டுவதில்லை. அஞ்சற்காரர் பொட்டலத்தை வீட்டிற்குக் கொணர்ந்து, விலையைப் பெற்றுக்கொண்டு கொடுப்பார். அப்பணம் விற்றவர்க்கு மணியார்டராகச் சேரும். முகம் அறியாத இருவர்க்கிடையே நம்பிக்கையை உண்டாக்கிய ஏற்பாடு இது. கடைவீதி இல்லாத சிற்றூர்களிலும் மக்கள் புதிய பொருள்களை விரும்புகின்றனர் என்பதனையும், அஞ்சலகமே அவர்களுக்குக் கடைவீதி ஆகும் என்பதனையும் வாசன் இவ்வாணிகத்தால் நன்குணர்ந்தார். சிற்றூரில் பிறந்தவராதலின் அவ்வுண்மை அவர்க்கு எளிதில் விளங்கியது.

எட்டெழுத்தின் விலை

பூதூர் வைத்தியநாதையர் என்பார் 1926-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் ஆனந்த விகடன் என்னும் நகைச்சுவைத் திங்களிதழைத் தொடங்கினார். அவ்விதழில் வாசன் தம் விளம்பரங்களை வெளியிட்டு வந்தார். பொருள் முட்டுப்பாட்டினால் 1927-ஆம் ஆண்டின் இறுதியில் இதழ் நின்றுபோயிற்று. இதழ் வாராமை கண்ட வாசன் காரணத்தை அறியச் சென்றார். விளம்பரத்தை வேறோர் இதழுக்கு மாற்றிக்கொண்டு மீண்டிருப்பின் அவர் கதை அத்துடன் முடிந்திருக்கும். அவரோ அவ்விதழையே வாங்கிவிடத் துணிந்தார். ஆனந்த விகடன் என்னும் பெயரில் எட்டெழுத்துகள் உள. எழுத்தொன்றுக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் அளித்து அவர் உரிமையைப் பெற்றார். 1928-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் இதழ் புத்துருக்கொண்டு வெளிவந்தது.

அப்போது தமிழ் படிக்கத் தெரிந்தோர் தொகை சிறிது. அவருள்ளும் இதழைக் காசு கொடுத்து வாங்குவோர் மிகச் சிலர். ஆகவே, படிப்போரைத் தேடிச் செல்லுதலே முதற்பணியாயிற்று. வாசன் மேனாட்டு இதழ்களை உற்று நோக்கினார். இலண்டன் மாநகரில் 1841-ஆம் ஆண்டில் தோன்றிய பஞ்ச் என்னும் இதழ், நகைச்சுவையாலும் கேலிச் சித்திரங்களாலும் நாட்டு நடப்பை எடுத்துக்காட்டிப் புகழ்பெற்றிருந்தது. டிக்கன்ஸ் என்னும் ஆங்கிலப் புதின ஆசிரியர் தம் கதைகளைப் பகுதி பகுதியாக வெளியிட்டு, அடுத்த பகுதி எப்போது வரும் என்று மக்களை ஏங்க வைத்தார். ஆங்கில இதழ்கள் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கெனச் சிறப்பு மலர்களை வெளியிட்டன. இவ்வழிகள் யாவும் விகடனில் தமிழ்க்கோலம் பூண்டன. மாலி என்னும் ஓவியர் வரைந்த சித்திரங்கள் வாய்விட்டுச் சிரிக்க வைத்தன. கல்கி எனப் புகழ்பெற்ற கிருஷ்ணமூர்த்தி ஆசிரியப் பொறுப்பேற்றுக் கட்டுரைகளும் தொடர்கதைகளும் எழுதினார். எஸ். வி. வி., தேவன், துமிலன் முதலியோர் நகைச்சுவை விருந்தளித்தனர். தீபாவளி மலர், பட்சணத்தோடு வீட்டிற்கு வரும் பண்டமாயிற்று. திங்களிதழ் நாளடைவில் வார இதழாக வளர்ந்தது.

புதிய வழி ஒன்று 1938, 1939-ஆம் ஆண்டுகளில் கையாளப்பட்டது. கல்கியின் தியாக பூமி என்னும் கதை விகடனில் தொடராக வந்தது. அதே காலத்தில் இயக்குநர் கே. சுப்பிரமணியம் அதனைத் திரைப்படமாக எடுத்து வந்தார். தொடர்கதைக்கு ஓவியர் வரையும் படங்களுக்கு மாறாக, அத்திரைப்படத்தின் புகைப்படங்களே அச்சிடப்பெற்றன. கதையைப் படித்தோர் படத்தைக் காண விழைந்தனர். படத்தைப் பற்றிக் கேட்டோர் கதையைப் படிக்க விழைந்தனர். ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும் இம்முறையினால் இரண்டும் பயன்பெற்றன.

குறுக்கெழுத்துப் போட்டி

வாசன் இரவல் பெற்ற வழிகளுள் மக்களின் பாராட்டையும் பழியையும் ஒருங்கே பெற்றுத் தந்தது குறுக்கெழுத்துப் போட்டியாகும். கட்டங்களில் எழுத்துகளை நிரப்பும் இவ்விளையாட்டை ஆர்தர் வின் என்பார் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் முதன்முதல் வெளியிட்டார். அது சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. நெட்டெழுத்தும் குற்றெழுத்தும் உயிர்மெய்யும் கொண்ட தமிழிலும் இவ்விளையாட்டு இனிது இயலும் என்பதனைக் கண்ட வாசன், பணப்பரிசு அறிவித்து விகடனில் அதனை நடத்தினார். விடையை இதழில் அச்சிட்ட கட்டத்திலேயே எழுதி வெட்டியனுப்ப வேண்டுமாதலின், போட்டியில் சேர விரும்பும் ஒவ்வொருவரும் இதழை வாங்க வேண்டியவரானார். இதழின் விற்பனை பெருகியது. திண்ணைகளிலும் இரயில் வண்டிகளிலும் மக்கள் சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டனர்.

ஆயினும், அறிஞர் சிலர் இதனை எதிர்த்தனர். குறிப்பொன்றுக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்துமாயின், பரிசு பெறுதல் அறிவின் பயனாகாது. நல்லூழின் பயனே ஆகும். அங்ஙனமாயின் அது சூதாட்டத்திற்கு உடன்பிறந்ததன்றோ என்பது அவர்கள் வினா. எளியோர் பரிசை நச்சி வாரந்தோறும் காசை இழப்பர் என்றும் அவர்கள் அஞ்சினர். மற்றொரு சாரார், இதழையே கண்டறியாதவரும் போட்டியின் பொருட்டு வாங்கி, பின்னர்க் கதையையும் கட்டுரையையும் படிக்கப் பழகினர் என்று விடையிறுத்தனர். இரு சாராரும் கூறியவற்றில் உண்மை உண்டு. இந்திய நாட்டில் இத்தகைய போட்டிகள் பல இதழ்களில் அளவு கடந்து பெருகவே, 1955-ஆம் ஆண்டில் நடுவணரசு பரிசுப் போட்டிச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஒரு திங்களில் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுப் போட்டிகளை அச்சட்டம் தடுத்தது. வாங்குவோரை ஈர்க்கும் வழி எதுவாயினும், அதற்கு ஓர் எல்லை வேண்டும் என்பதனை இவ்வரலாறு தெளிவாக்குகின்றது. பெரியோர் வாழ்விலும் பின்பற்றத்தக்கன இவை, எண்ணிப் பார்க்கத்தக்கன இவை எனப் பிரித்தறிதல் கற்போர் கடமையாகும்.

திரைப்படத் தொழில்

வாசன் கதை எழுதவும் வல்லவர். அவர் விகடனில் எழுதிய சதி லீலாவதி என்னும் தொடர்கதை 1936-ஆம் ஆண்டில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. குடிப்பழக்கத்தால் ஒருவன் கெட்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழல்வதனைக் கூறும் கதை அது. எம். ஜி. இராமச்சந்திரன் முதன்முதலாக நடித்த படமும் அதுவே. அதே காலத்தில் பதிபக்தி என்னும் நாடகத்தைப் படமாக்கியவர்கள், தங்கள் கதை களவாடப்பட்டது என்று வழக்குத் தொடுத்தனர். ஆராய்ந்து பார்த்தபோது, இரு கதைகளுமே ஹென்றி வுட் அம்மையார் எழுதிய ஓர் ஆங்கிலப் புதினத்தைத் தழுவியவை என்பது புலனாயிற்று. வழக்கும் முடிந்தது. இரவல் பெற்றவன், யாரிடம் பெற்றான் என்பதை மறைத்தல் கூடாது என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு பாடமாகும்.

முதலில் திரைப்படங்களை ஊர்தோறும் அனுப்பும் வாணிகத்தில் ஈடுபட்ட வாசன், தீவிபத்துக்கு உள்ளாகி ஏலத்திற்கு வந்த படப்பிடிப்பு நிலையம் ஒன்றை 1940-ஆம் ஆண்டில் வாங்கினார். சென்னை மவுண்டு ரோட்டில் அமைந்திருந்த அந்நிலையத்திற்கு ஜெமினி எனப் பெயரிட்டார். ஜெமினி என்பது மிதுன இராசியைக் குறிக்கும் சொல். இரட்டைக் குழந்தைகள் ஊதுகுழல் ஊதும் உருவத்தை அவர் தம் நிலையத்தின் சின்னமாக அமைத்தார். சிங்கத்தின் உருவத்தைக் காட்டிப் படங்களைத் தொடங்கும் அமெரிக்க நிறுவனத்தின் வழி இது. எழுத்தறியாத உழவனும் அவ்விரு குழந்தைகளைத் திரையில் கண்டவுடனே இது ஜெமினி படம் என்று அறிந்துகொண்டான். 1942-இல் தண்டபாணி தேசிகர் நடித்த நந்தனார், 1943-இல் மங்கம்மா சபதம் ஆகிய படங்களால் அச்சின்னம் நாடெங்கும் பரவியது.

சந்திரலேகா

இதன்பின் வாசன் மேற்கொண்ட முயற்சி அவர் வாழ்நாளிலேயே பெரியதாகும். அமெரிக்க நாட்டினர் எடுக்கும் மாபெரும் படங்களுக்கு ஒப்பாகத் தமிழிலும் ஒரு படம் எடுத்தல் வேண்டும் என்று அவர் எண்ணினார். கதை முழுதும் அமையும் முன்னரே சந்திரலேகா என்னும் பெயரை விளம்பரம் செய்துவிட்டார். அவருடைய கதைக் குழுவினர் முதலில் கூறிய கதையில் அருவருப்பான நிகழ்ச்சிகள் இருந்தமையின் அதனைத் தள்ளி, நாயகியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார். பின்னர், வேப்பத்தூர் கிட்டு என்பார் ரெயினால்ட்ஸ் எழுதிய ஆங்கிலப் புதினம் ஒன்றின் தொடக்கத்தைக் கண்டு, அதனின்றும் வேறொரு கதையை வளர்த்தார்.

பணி தொடங்கி முடிய ஐந்தாண்டுகள் ஆயின. முதலில் இயக்கியவர் விலகவே, வாசனே இயக்குநர் பொறுப்பையும் ஏற்றார். கதையில் சர்க்கஸ் புகுந்தது. யானைகளும் குதிரைகளும் புகுந்தன. இறுதியில் பெருமுரசுகளின்மேல் நூற்றுக்கணக்கான மகளிர் ஆடுகின்றனர். ஆட்டம் முடிந்தவுடன் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளிப்பட்டுப் போர் புரிகின்றனர். மரக்குதிரையினுள் வீரர் ஒளிந்திருந்து திராய் நகரைப் பிடித்த கிரேக்கர் கதையை இக்காட்சி நினைவூட்டும். செலவு 30 இலட்சம் ரூபாயை எட்டியது. ஒரு படத்திற்கு அத்துணைப் பெருந்தொகை செலவிடுதல் நம் நாட்டில் அன்று கேட்டறியாத செய்தி. வாசன் தம் சொத்துகளை ஈடுவைத்துப் பொருள் திரட்ட வேண்டியவரானார். இதழால் ஈட்டியது, படங்களால் ஈட்டியது அனைத்தும் ஒரே துலாத்தட்டில் வைக்கப்பட்டன.

1948-ஆம் ஆண்டு ஏப்பிரல் 9-ஆம் நாள் தமிழ்ப்படம் வெளிவந்தது. மக்கள் திரண்டு சென்று கண்டனர். ஆயினும், தமிழ்நாட்டு வருவாய் ஒன்றே அப்பெருஞ்செலவை ஈடுசெய்யப் போதவில்லை. பிறராயின் மனமுடைந்திருப்பர். வாசனோ, நிலம் சிறிது, விளைச்சல் போதவில்லை, ஆதலின் நிலத்தைப் பெருக்குதலே வழி என்று துணிந்தார். படத்தை இந்தி மொழியிலும் அமைத்தார். அதுவரை சென்னையில் எடுத்த படம் வடநாட்டில் பெருவெற்றி பெற்றதில்லை. அவ்வழக்கத்தை மாற்றியது விளம்பரமே. நாளிதழ்களில் முழுப்பக்க அறிவிப்புகள் வந்தன. சுவர்தோறும் பெரிய சுவரொட்டிகள் காணப்பட்டன. படத்தின் வரலாற்றைக் கூறும் வண்ணப் புத்தகங்கள் வழங்கப்பெற்றன. சிறிது சிறிதாக ஊர்தோறும் படத்தை அனுப்பும் பழைய முறையை விடுத்து, 600-க்கும் மேற்பட்ட படிகள் எடுத்து நாடெங்கும் அனுப்பினர். 1948-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் இந்திப்படம் வெளிவந்தது; பெருவெற்றி பெற்றது. சென்னையில் எடுக்கும் படங்களுக்கு வடநாட்டுச் சந்தையின் கதவு அன்று திறந்தது. அவ்வழியே பின்னர்ப் பலர் சென்றனர்.

விளம்பரமும் வாய்மையும்

அமெரிக்க நாட்டில் பார்னம் என்னும் காட்சி வணிகர் ஒருவர் இருந்தார். அவர் 1842-ஆம் ஆண்டில், குரங்கின் உடலையும் மீனின் வாலையும் ஒட்டித் தைத்ததொரு பொருளைக் கடற்கன்னி எனக் கூறிக் காசு பெற்றார். அதுவும் விளம்பரமே, ஆயினும் ஏமாற்று விளம்பரம். வாசன் கொண்ட வழி அதனின் வேறானது. முரசு நடனம் காண வாரீர் என்று அழைத்தார். திரையில் முரசு நடனம் இருந்தது. சிரிக்க வைக்கும் இதழ் என்று கூறினார். இதழ் சிரிக்க வைத்தது. விளம்பரம் ஒருவனை ஒருமுறை கடைக்குள் அழைத்துவரும். மறுமுறை அவனை அழைத்துவர வல்லது பொருளின் தரமே. இதனை நன்குணர்ந்தவராதலின், விளம்பரத்திற்குச் செலவிட்டவர் அதனினும் மிகுதியாகப் பொருளின் ஆக்கத்திற்குச் செலவிட்டார்.

இரவல் பெறுதலிலும் ஒரு நெறி உண்டு. கடைமடை உழவன் அயலூரிலிருந்து நல்ல விதைநெல் வாங்கி வருவான். அதனை அவ்வாறே குத்திச் சமைத்து உண்டுவிட்டால் ஒருவேளைப் பசி தீரும். மறுநாள் மீண்டும் கையேந்த வேண்டும். தன் மண்ணின் இயல்பையும் நீரின் வரத்தையும் அறிந்து விதைத்தால், கடனைத் திருப்பியளித்து, பத்தாயமும் நிரம்பும். வாசன் பிறர் கருத்துகளை விதைநெல்லாகக் கொண்டாரேயன்றிச் சோறாகக் கொள்ளவில்லை. பஞ்ச் இதழின் வழியைப் பின்பற்றிய விகடனில் சிரித்தவர்கள் தமிழ்நாட்டு மாந்தரே. அமெரிக்க நாட்டுப் பெரும்படங்களை நோக்கி எழுந்த சந்திரலேகாவில் ஒலித்தது முரசே.

இறுதிக்காலம்

1953-ஆம் ஆண்டில் கே. பி. சுந்தராம்பாள் நடிக்க, கொத்தமங்கலம் சுப்புவின் இயக்கத்தில் ஔவையார் என்னும் படத்தை ஜெமினி நிலையத்தார் வெளியிட்டனர். 1958-இல் வஞ்சிக்கோட்டை வாலிபன், 1960-இல் இரும்புத்திரை முதலிய படங்களும் வெளிவந்தன. இந்தியத் திரைப்படத் தொழிலாளரும் முதலாளரும் வாசனைத் தம் தலைவராக மதித்தனர். இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் தலைவராக அவர் பணியாற்றினார். 1964-ஆம் ஆண்டு முதல் மாநிலங்களவை உறுப்பினராக விளங்கினார். 1969-ஆம் ஆண்டில் நடுவணரசு அவர்க்குப் பத்மபூஷண் விருதளித்தது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். 2004-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறையினர் அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டனர். அஞ்சலகத்தின் துணையோடு வாணிகம் தொடங்கியவர்க்கு அதனினும் பொருத்தமான சிறப்பு வேறில்லை.

காலப்போக்கில் பெரிய படப்பிடிப்பு நிலையங்களின் சிறப்புக் குறைந்தது. ஜெமினி நிலையமும் அந்நிலையை எய்தி மறைந்தது. அது நின்ற இடத்தில் வேறு கட்டடங்கள் எழுந்தன. ஆயினும், அருகே 1973-ஆம் ஆண்டில் கட்டிய அண்ணா மேம்பாலத்தை மக்கள் ஜெமினி மேம்பாலம் என்றே வழங்குகின்றனர். எட்டெழுத்தை 200 ரூபாய்க்கு வாங்கித் தொடங்கியவர், தாம் இட்ட மூன்றெழுத்தை ஒரு மாநகரத்தின் நாவிலே விலையின்றி விட்டுச் சென்றார். வறுமையிற் பிறந்த ஒருவர் முயற்சியும் கூர்த்த அறிவும் துணிவும் கொண்டால் எத்துணை உயரலாம் என்பதற்குத் திருத்துறைப்பூண்டி வாசனாரின் வாழ்வு தக்க சான்றாகும்.